உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பார்த்து டிஃப்யூசர் வாங்குங்கள்

வீட்டுக்குள் வாசனை பரப்ப நான் முதன்முதலாக வாங்கிய டிஃப்யூசர் இரண்டு மாதம்தான் உழைத்தது. தண்ணீரை மெல்லிய பனிபோலக் கக்கும் வகை அது. திருநெல்வேலியில், பெருமாள்புரத்து வாடகை வீட்டில், குழாயில் வந்த போர் தண்ணீரை ஊற்றி, எலுமிச்சைப்புல் எண்ணெய் ஐந்து சொட்டு விட்டு, டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். மூன்றாம் நாளே டிவித் திரையில் திருநீறு தூவினதுபோல வெள்ளை படிந்தது. துடைத்தேன். மறுநாளும் வெள்ளை. வீட்டுக்கு வந்த மதினி விரலால் தொட்டுப் பார்த்தார். “இது தூசி இல்லம்மா, உப்பு. எந்தத் தண்ணிய ஊத்துற?” என்று அவர் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

கெட்டிலுக்கு அடியிலும் பாத்ரூம் வாளியிலும் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான். அந்த மெஷின் தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை. அதிர வைத்து, பொடிப்பொடியாக உடைத்து, காற்றில் எறிகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் கூடவே பறக்கிறது. ஈரம் காய்ந்ததும் உப்பு மட்டும் மேஜையிலும் டிவியிலும் உட்கார்ந்துகொள்கிறது. கொஞ்சம் நம் மூச்சிலும் போகிறது. இரண்டாம் மாதம் ஒருநாள் விளக்கு எரிந்தது, பனி வரவில்லை. உள்ளே இருந்த தகட்டின் மேல் உப்பு ஏறிக் கெட்டியாகிவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு டவுனில் ஆச்சி வீடு, சங்கரன்கோவிலில் தங்கை வீடு, தென்காசியில் சித்தி வீடு என்று நாலைந்து வீடுகளுக்கு நானே பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வீட்டுக்குப் பொருந்தியது இன்னொரு வீட்டுக்கு ஆகவில்லை. கடையில் ஐம்பது விதம் அடுக்கியிருக்கும். அதைப் பார்த்து ஆரம்பித்தால் விளக்கு அழகாக இருப்பதைத்தான் எடுப்போம். வீட்டைப் பார்த்து ஆரம்பியுங்கள். அதற்கான வரிசையை, எனக்குத் தெரிந்தவரை, கீழே எழுதுகிறேன்.

முதல் படி: மூக்கை வைத்து வீட்டைச் சுற்றுங்கள்

டிஃப்யூசர் நாற்றத்தைப் போக்காது. நாற்றத்தின் மேல் ஒரு வாசனையைப் போர்த்தும், அவ்வளவுதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன், வண்ணார்பேட்டைப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அப்போது எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் தண்ணீர் வடிந்த பிறகும் சேற்று வாடை போகவில்லை. மூன்று அறைக்கு மூன்று மெஷின் வாங்கி வைத்தார்கள். மல்லிகையும் சேறும் கலந்து ஒரு மணம் அடித்தது. உள்ளே போனாலே தலைவலிக்கும். கடைசியில், ஈரம் குடித்து உப்பிப்போயிருந்த அலமாரியின் பின்பலகையைக் கழற்றி வெளியே போட்டார்கள். அன்றைக்குத்தான் வாடை போனது.

எனவே, காசை எடுக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டு வந்து, கதவைத் திறந்ததும் உடனே மோந்து பாருங்கள். உள்ளே வந்து கொஞ்ச நேரமானால் மூக்கு பழகிவிடும், அப்புறம் ஒன்றும் தெரியாது. அங்கணக்குழி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, செருப்பு ஸ்டாண்ட், காயாமல் மடித்து வைத்த துண்டு, இவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். புழங்காத பாத்ரூமில் சாக்கடை வாடை வந்தால் பெரும்பாலும் தரையிலிருக்கும் வடிகால் குழி வறண்டிருக்கும். அதில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் கீழிருந்து வாடை ஏறாமல் தடுக்கிறது. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். இதற்கெல்லாம் வாசனை எண்ணெய் வாங்கவே வேண்டாம்.

இரண்டாம் படி: தண்ணீர், காற்று, கூரை

நம் பக்கத்தில் இந்தப் படிதான் முக்கியம்.

தாமிரபரணியிலிருந்து மாநகராட்சிக் குழாயில் வரும் தண்ணீரும், அதே தெருவில் மோட்டார் போட்டு இழுக்கும் போர் தண்ணீரும் ஒன்றில்லை. ஆற்றுத் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும். போர் தண்ணீரில் தேய்க்கத் தேய்க்கத் திரிதிரியாகத்தான் வரும். சங்கரன்கோவில், ராதாபுரம் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கும். உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்று தெரிய வேண்டுமானால், கறுப்பு நிறத் தட்டு ஒன்றில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் ஊற்றி வெயிலில் காயவையுங்கள். காய்ந்த இடத்தில் வெள்ளை வட்டம் தெளிவாகத் தெரிந்தால், தண்ணீர் ஊற்றும் டிஃப்யூசருக்கு அந்தத் தண்ணீர் ஆகாது. ஆர்.ஓ. தண்ணீரோ, இருபது லிட்டர் கேன் தண்ணீரோதான் ஊற்ற வேண்டும். கொதிக்க வைத்துத் தெளியவைத்தால் சுண்ணாம்பில் ஒரு பங்கு அடியில் படியும், முழுசும் போகாது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைச் சிலர் பிடித்து ஊற்றுகிறார்கள். அதில் உப்பு இருக்காது என்பது உண்மைதான். ஆனால் ஏசிக்குள் படிந்த தூசியையும் அழுக்கையும் கழுவிக்கொண்டு வருகிற தண்ணீர் அது. அதைப் பனியாக்கிச் சுவாசிக்கக் கூடாது.

அடுத்து காற்று. ஆனி, ஆடியில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக இறங்கும் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். பணகுடி, கயத்தாறு பக்கம் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அந்த மாதங்களில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எந்த டிஃப்யூசரை ஓடவிட்டாலும் மணம் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். குச்சி வைக்கும் பாட்டில் என்றால் எண்ணெய் சீக்கிரமே வற்றிவிடும்.

ஈரத்தையும் கணக்கில் எடுங்கள். பாளையங்கோட்டையில் சித்திரை வெயிலில் காற்று காய்ந்து கிடக்கும்போது தண்ணீர் வகை டிஃப்யூசர் சுகமாக இருக்கும். ஆனால் அதனால் அறை குளிராது. அப்படிச் சொல்லி விற்றால் நம்பாதீர்கள். குற்றாலச் சாரல் தூறும் காலத்தில் தென்காசி, செங்கோட்டை வீடுகளில் துணியே காயாது. ஐப்பசி, கார்த்திகையில் நெல்லை முழுக்க அதே கதைதான். அந்த நாள்களில் மூடிய அறைக்குள் இன்னும் ஈரத்தைக் கக்கவிட்டால் சுவரிலும் பீரோவுக்குப் பின்னாலும் பூசணம் பிடிக்கும். சித்தி வீட்டுக்கு நான் தண்ணீர் வகை வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

வீட்டின் கட்டும் ஒரு காரணம். டவுனில் பழைய வீடுகள் தார்சா என்ற முன்கட்டு, பட்டாசல் என்ற கூடம், அடுப்படி என்று ரயில்பெட்டிபோல ஒரே நீளத்தில் போகும், கூரை உயரம். பட்டாசலில் வைத்த சின்ன மெஷினின் மணம் மேலேயே போய்விடும், அடுப்படிக்கு எட்டாது. அந்த மாதிரி வீட்டில் ‘வீடு முழுக்க மணக்க வேண்டும்’ என்ற ஆசையை விட்டுவிட்டு, ஆள் உட்காரும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் வாங்குங்கள். புது காங்கிரீட் வீடுகளில் பத்துக்குப் பத்து படுக்கையறைக்கு மிகச் சின்னதே போதும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 100 மி.லி. தொட்டி, 300 மி.லி. தொட்டி, 500 மி.லி. தொட்டி என்று போட்டிருப்பார்கள். தொட்டி பெரிதென்றால் அதிக நேரம் ஓடும். அதிக தூரம் மணக்கும் என்று அர்த்தமில்லை. தூரம் என்பது ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பனி விடுகிறது, எத்தனை சொட்டு விட்டோம், அறை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ராத்திரி தூங்கப் போகுமுன் ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் 500 மி.லி. வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள்?

மூன்றாம் படி: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

இளைப்பு, ஆஸ்துமா, சைனஸ் தலைவலி உள்ளவர்கள் இருந்தால் எந்த வாசனையும் தொந்தரவு செய்யலாம். மூலிகை, இயற்கை என்று எழுதியிருந்தாலும் செய்யலாம். அவர்கள் படுக்கும் அறையில் வைக்கவே வேண்டாம். கைக்குழந்தை இருக்கும் அறையிலும் அப்படித்தான். யூகலிப்டஸ், புதினா, கற்பூரம் போன்ற காரமான வாசனைகள் சின்னப் பிள்ளைகளின் மூச்சுக்கு ஆகாது. கர்ப்பிணிப் பெண்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அதோடு அந்த மாதங்களில் பிடித்த வாசனையே குமட்டும்.

பூனை வளர்ப்பவர்கள் கவனியுங்கள். சில எண்ணெய்களை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. டீ ட்ரீ எண்ணெய், கிராம்பு எண்ணெய் இரண்டும் அதற்கு விஷம். பனியாகப் பறந்து பூனையின் முடியில் படிந்தால் அது தன்னையே நக்கும்போது உள்ளே போய்விடும். நாய்க்கும் டீ ட்ரீ ஆகாது. கூண்டில் கிளி, லவ் பேர்ட்ஸ் இருந்தால் அந்த அறையைத் தவிர்த்துவிடுங்கள்.

கற்பூரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாமி அறையில் இருக்கும் பொருள் என்பதால் நாம் அதைப் பயப்படுவதில்லை. தவழும் பிள்ளை ஒரு வில்லையை எடுத்து விழுங்கினால் சிறிது நேரத்தில் வலிப்பு வரலாம். அப்படி ஏதாவது நடந்தால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மின்சாரத்தில் சூடாகும் கற்பூர விளக்கு வாங்குகிறவர்கள், கற்பூர டப்பாவைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நான்காம் படி: இப்போது வகையைத் தேர்ந்தெடுங்கள்

மேலே சொன்ன மூன்றையும் பார்த்துவிட்டால் பாதி வகைகள் தானாகவே கழிந்துவிடும். மிச்சமிருப்பவற்றில் எது என்பதுதான் கேள்வி.

அல்ட்ராசானிக் எனப்படும் தண்ணீர் வகைதான் கடைகளில் அதிகம். தொட்டிக்கு அடியில் நாணயம் அளவுக்கு ஒரு தகடு இருக்கும். அது விநாடிக்குப் பத்து லட்சம் தடவைக்கும் மேல் அதிர்ந்து தண்ணீரையும் எண்ணெயையும் சேர்த்துப் பனியாக்கும். சூடு கிடையாது, கரண்ட் செலவும் குறைவு. நல்ல தண்ணீர் வசதியும், வெயில் காலத்தில் ஏசி போட்டு மூடிய அறையும் உள்ளவர்களுக்கு இது பொருத்தம். வாங்கும்போது நான் பார்ப்பது இவைதான்: தண்ணீர் தீர்ந்தால் தானே நிற்க வேண்டும். விட்டுவிட்டு ஓடும் டைமர் இருக்க வேண்டும். வண்ண விளக்கைத் தனியாக அணைக்க முடிய வேண்டும், இல்லையென்றால் படுக்கையறையில் வைக்க முடியாது. எல்லாவற்றையும்விட, தொட்டியின் வாய் கை நுழையும் அகலத்தில் இருக்க வேண்டும். வாய் குறுகலான அழகு ஜாடி மாதிரி மெஷினை ஒருபோதும் கழுவ முடியாது. கழுவாத தொட்டியில் இரண்டு நாளில் வழவழப்பு ஏறும். அதையும் சேர்த்துத்தான் அறைக்குள் தூவும்.

புதிதாக வாங்கியவர்கள் செய்யும் பெரிய தப்பு, தண்ணீரை வெளியே கொட்டும்போது நடக்கிறது. தொட்டிக்குள் ஒரு பக்கமாக ஒரு சின்ன காற்று வழி இருக்கும். அந்தப் பக்கம் சாய்த்தால் தண்ணீர் அதன் வழியாக உள்ளே இறங்கி சர்க்யூட் போர்டை நாசமாக்கிவிடும். எப்போதும் அதற்கு எதிர்ப்பக்கம் சாய்த்துக் கொட்டுங்கள். முதல் நாளே அந்த எதிர்ப்பக்கத்தில் நெயில்பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள், வீட்டில் வேறு யார் கழுவினாலும் தெரியும். அப்புறம், தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், மேலுக்குப் பூசும் சென்ட், அத்தர் எதையும் அந்தத் தொட்டியில் விடாதீர்கள். தகட்டில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும்.

குச்சி வகை, அதாவது ரீட் டிஃப்யூசர், சங்கரன்கோவில் தங்கை வீட்டுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. அங்கே தண்ணீர் உப்பு, போதாக்குறைக்குக் கரண்டும் அடிக்கடி போகும். பாட்டிலில் வாசனைத் திரவம், அதில் நாலைந்து பிரம்புக் குச்சிகள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலக் குச்சி திரவத்தை மேலே இழுத்துக் காற்றில் விடும். கரண்ட் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். மணம் மெல்லியதாக, எப்போதும் இருக்கும். பிரம்புக் குச்சிதானா என்று பார்த்து வாங்குங்கள். பிரம்பின் உள்ளே நீளவாக்கில் நுண்ணிய குழாய்கள் ஓடுகின்றன. மூங்கில் குச்சியில் கணு குறுக்கே வரும், திரவம் அங்கேயே நின்றுவிடும். எல்லாக் குச்சியையும் ஒரேயடியாகப் போடாமல் மூன்றில் தொடங்குங்கள்; போதவில்லையென்றால் ஒவ்வொன்றாகக் கூட்டலாம். வாரம் ஒருமுறை குச்சிகளைத் தலைகீழாகத் திருப்பிவிட்டால் மணம் புதுசாக வரும். ஃபேனுக்கு நேரே வைக்காதீர்கள். சாமி விளக்குக்குப் பக்கத்தில் அறவே கூடாது, அந்தத் திரவம் தீப்பற்றும். கவிழ்ந்தால் மேஜையின் பாலிஷை உரித்துவிடும், பிள்ளைகள் குடித்தால் ஆபத்து. தங்கைக்கு மூன்று வயதில் பையன் இருக்கிறான். ஆகையால் பாட்டிலை வாசல் நிலைக்கு மேலே பலகை அடித்து வைத்தோம். வாசலில் வைத்ததில் ஒரு நன்மை: கதவு திறக்கும்போதெல்லாம் காற்று அசைந்து, உள்ளே வருகிறவர் முகத்தில் மணம் படுகிறது.

நெபுலைசர் என்று ஒன்று உண்டு. தண்ணீர் இல்லாமல், எண்ணெயை மட்டும் காற்றின் வேகத்தில் தூவும். மணம் கனமாக இருக்கும், விலையும் கனம், எண்ணெயையும் நிறையக் குடிக்கும். சந்தனம், வெட்டிவேர் போன்ற கெட்டியான எண்ணெய் அதன் கண்ணாடிக் குழாயை அடைத்துவிடும். பெரிய ஹால், ஹோட்டல் வரவேற்பறை போன்ற இடத்துக்குத்தான் அது. வீட்டுக்கு முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

சூட்டில் வேலை செய்பவை பல மாதிரி. மேலே சின்னக் கிண்ணம், கீழே மெழுகு விளக்கு வைக்கும் பீங்கான் கூடு ஒன்று. கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி எண்ணெய் விட வேண்டும். தண்ணீர் சூடாகி ஆவியாவதால் உப்பு கிண்ணத்திலேயே தங்கிவிடும், காற்றில் பறக்காது. போர் தண்ணீர் வீட்டுக்கு இது ஒரு வழி. ஆனால் தண்ணீர் வற்றும்வரை மறந்துவிட்டால் எண்ணெய் தீயும், கிண்ணம் விரியும். ஆள் இல்லாத அறையில் எரியவிடக் கூடாது. திரைச்சீலை, காலண்டர் ஆடும் இடத்திலும் கூடாது. அதே கூட்டில் கற்பூரத்தை வைத்துக் கீழே நெருப்பு வைக்காதீர்கள், கற்பூரம் குப்பென்று பற்றும். கற்பூரத்துக்கென்றால் மின்சாரத்தில் சூடாகும் வகையே சரி. அதையும் தூங்குமுன் அணைத்துவிடுங்கள். கொசு மெஷினின் காலி பாட்டிலில் வாசனை எண்ணெயை ஊற்றிச் செருகும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது அந்த எண்ணெய்க்கென்று செய்த சூடு இல்லை. தயவுசெய்து வேண்டாம்.

நம் ஆச்சிமார்களின் தூபக்காலும் ஒரு டிஃப்யூசர்தான். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்ததும், சிரட்டைக் கரியைக் கனலவைத்து, சாம்பிராணியை நுணுக்கிப் போட்டு, கூந்தலை விரித்து அந்தப் புகையில் காட்டுவார் என் ஆச்சி. முடியும் காயும், வீடும் மணக்கும். அந்த மணத்துக்கு எந்த மெஷினும் ஈடில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அது முற்றமும் திறந்த ஜன்னலும் உள்ள வீட்டில் நடந்தது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஏசிக்காகக் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்த அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். அதற்கு மணம் கிடையாது, தெரியாமலே ஆளை மயக்கிவிடும். கம்ப்யூட்டர் சாம்பிராணி, கப் சாம்பிராணி எதுவானாலும் புகை புகைதான். ஜன்னலைத் திறந்து வைத்துக் காட்டுங்கள், கங்கு முழுக்க அணைந்ததா என்று பார்த்துவிட்டுப் படுங்கள். இளைப்பு உள்ளவர்கள் இருந்தால் அவர்களை மாடிக்கோ வாசலுக்கோ அனுப்பிவிட்டுப் போடுங்கள்.

கடைசியாக, பெரிய செலவில்லாத வகை. மெருகு பூசாத மண் சாமான் எண்ணெயை உறிஞ்சி மெதுவாக வெளியே விடும். காருக்குறிச்சி மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர். சேரன்மகாதேவிப் பக்கம் போகும்போது இரண்டு அகல் வாங்கி வந்துவிடுங்கள். எண்ணெய் படாத புது அகலில் நான்கு சொட்டு விட்டு பீரோவிலோ செருப்பு ஸ்டாண்டிலோ பாத்ரூம் பலகையிலோ வைத்தால் இரண்டு மூன்று நாள் மணக்கும். ஹாலுக்கு எட்டாது. சின்ன இடத்துக்கு இதைவிடப் பத்திரமான வகை கிடையாது. வெட்டிவேரைக் கைப்பிடி எடுத்து மெல்லிய துணியில் கட்டித் துணிமணிகளுக்கு நடுவே வைப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

ஐந்தாம் படி: எண்ணெய்

மெஷினுக்குக் கொடுக்கும் கவனத்தை எண்ணெய்க்கு யாரும் கொடுப்பதில்லை. இரண்டு விதம் உண்டு. ஒன்று, செடியிலிருந்தே வடித்தெடுத்தது. மற்றொன்று, ரசாயனத்தில் கூட்டிச் செய்த வாசனை. இரண்டாவது கெட்டது என்று நான் சொல்லவில்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். ஒரு சின்ன பாட்டில் மல்லிகை வாசனைத் தைலம் எடுக்கக் கூடை கூடையாகப் பூ வேண்டும். சந்தனத் தைலத்தின் விலை உங்களுக்குத் தெரியும். ஆகவே இருநூறு ரூபாய்க்கு மல்லிகையோ சந்தனமோ கிடைத்தால் அது செய்த வாசனைதான். எலுமிச்சைப்புல், யூகலிப்டஸ், ஆரஞ்சுத் தோல் எண்ணெய்கள் மலிவாகவே நல்லதாகக் கிடைக்கும், ஏனென்றால் அவற்றிலிருந்து எண்ணெய் நிறைய வரும். பாட்டில் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கிறதா, எந்தச் செடி என்று தாவரப் பெயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மெஷின் வாங்குமுன் ஒரு சோதனை செய்யச் சொல்வேன். ஆசைப்படும் எண்ணெயின் மிகச் சின்ன பாட்டிலை மட்டும் வாங்கி, மேலே சொன்ன அகலில் இரண்டு சொட்டு விட்டு மூன்று நாள் வீட்டில் வையுங்கள். கடையில் மோந்து பார்த்தபோது இனித்த ரோஜா, சாப்பிடும் நேரத்தில் ரசத்தின் மணத்தோடு சேரும்போது எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். டவுன் ஆச்சி வீட்டில் லாவெண்டர் வைத்தபோது ஆச்சி, “ஆஸ்பத்திரி வாடை அடிக்குல்லா” என்று எழுந்து தார்சாவுக்குப் போய்விட்டார். பிறகு வெட்டிவேர் வைத்தோம். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கிறதா என்று மூன்று நாளில் தெரிந்துகொண்டு அப்புறம் மெஷினுக்குப் போங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் வாரம் குறைவாகவே விடுங்கள். தண்ணீர் வகையில் 100 மி.லி.க்கு மூன்று சொட்டு போதும். அறை பெரிதென்றால் ஐந்து. அரை மணி நேரம் ஓட்டி நிறுத்துங்கள். மணம் தெரியவில்லை என்று நீங்கள் மேலும் மேலும் சொட்டு விடும்போது, வெளியிலிருந்து வருகிறவருக்குத் தலை சுற்றும். உங்கள் மூக்கு பழகிவிட்டதுதான் காரணம், எண்ணெய் குறைவு காரணமில்லை. மெஷினை இடுப்பு உயர ஸ்டூலில், கீழே ஒரு பீங்கான் தட்டு வைத்து, சுவர், ஸ்விட்ச் போர்டு, டிவி எல்லாவற்றையும் விட்டுத் தள்ளி வையுங்கள். எண்ணெய் பாட்டிலை ஜன்னல் விளிம்பில் வைக்காதீர்கள். நம் ஊர் மே மாத வெயிலில் எண்ணெய் கெட்டுப்போய் ஒருமாதிரி காறல் வாடை வரும். மூடி இறுக்கி, பீரோவின் கீழ்த்தட்டில் வையுங்கள்.

ஓட்டி முடித்ததும் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, துணியால் ஒற்றி, மூடியைத் திறந்து போடுங்கள். அடுத்த நாள் அதே தண்ணீரில் ஓட்ட வேண்டாம். வாரம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு, வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு கலந்து, தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். வினிகர் இல்லையென்றால் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) ஒரு சிட்டிகை கரைத்த தண்ணீர். பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியால் தகட்டை வட்டமாக, மெல்லமாகத் துடைத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வரும். அதன் கீழே தகடு வெள்ளிப் பாத்திரம்போலப் பளிச்சென்று தெரியும். கத்தி, ஊசி, பாத்திரம் தேய்க்கும் கம்பி எதுவும் அதன் மேல் படக் கூடாது. ஒரு கீறல் விழுந்தால் பனி குறைந்துவிடும். மெஷினை முழுசாகத் தண்ணீரில் முக்கவும் கூடாது.

இப்படிக் கழுவித்தான் என் இரண்டாவது மெஷின் நான்காம் வருஷமாக ஓடுகிறது. ஐப்பசி மழை பிடித்ததும் அதைக் கழுவி, நிழலில் ஒருநாள் முழுக்கக் காயவைத்து, அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவேன். தை முடிந்து வெயில் திரும்பும்போது இறக்கினால் போதும். அதுவரைக்கும் பீரோவில் வெட்டிவேர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஆச்சியின் தூபக்கால்.